பித்தளை அண்டாவில் கத்தரிச் செடி

செடி வளர்க்கலாம் என்று இருக்கிறேன் என்று நான் ஒரே ஒருத்தியிடம்தான் வாயைத் திறந்தேன். மதுரையில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். மறுநாள் காலையில் பார்த்தால், வீட்டுத்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தாள். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் அங்கே அறிவுரை பொங்கி வழிந்துவிட்டது.

வாழைப்பழத் தோலை மூன்று நாள் ஊறவைத்து ஊற்றுங்கள் என்றார் ஒருவர். மூன்று நாள் கூடவே கூடாது, புழு வைக்கும், ஒரே நாள்தான் என்றார் இன்னொருவர். பிறகு அரிசி களைந்த தண்ணீர், பருப்புக் கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் என்று வரிசையாக வந்தது. வீட்டில் எதைக் கழுவினாலும் செடியின் தலையில் ஊற்ற வேண்டும் என்பதுதான் அந்தக் குழுவின் மொத்தக் கொள்கை என்று புரிந்துகொண்டேன். நடுநடுவே ஒரு அம்மாள், தன் மாடியில் காய்த்த தக்காளியைக் கையில் ஏந்தி, பேரப்பிள்ளையைக் காட்டுவதுபோல் படம் போடுவார். உடனே எல்லோரும் கும்பிடு போடுவார்கள்.

இவர்களில் ஒருவரையும் நான் மதிக்கவில்லை. முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்தியவள் நான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விளக்குவேன். அதுவரை ஒரு கத்தரி நாற்றைக்கூடத் தொட்டு நட்டதில்லை என்பது மட்டும்தான் குறை. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

தோட்டம் எனக்காக இல்லை, என் கணவருக்காக. அவர் மதுரையில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணி, தாழ்ப்பாள், கீல், மண்வெட்டி என்று நாற்பது வருடம் இரும்பையே தொட்டுக்கொண்டிருந்த கை. ஒருநாள் காலையில் கடையைத் திறந்து, கழற்றிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பூட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது, நடை திரும்பியிருந்தது, வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தோம். நான்கு பங்காளிகளுக்கும் பொதுவான வீடு. மற்ற மூன்று பேரும் கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்றால் வந்து பூட்டைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அத்தனை பெரிய வீட்டில் நாங்கள் இருவர்தான்.

வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவாள். கையில் பிடித்து அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். "பந்து வச்சு விளையாட நான் என்ன பச்சப் பிள்ளையா?" என்று அவர் அதைத் தூக்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். அந்தப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். "மேடம், இந்தச் சில மாசம்தான் முக்கியம். சார் கையை மடியில வச்சுக்கிட்டே உக்காந்தா அப்படியே இறுகிப் போயிரும். அவருக்குப் பிடிச்ச வேலையா எதையாவது செய்ய வைங்க. மண்ணு கிளறுறது ரொம்ப நல்லது" என்றாள். அன்று முடிவு செய்ததுதான் தோட்டம்.

"நாலு சிமிண்டுத் தொட்டி வாங்குவோம்" என்றார் அவர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தொட்டியா? இந்த வீட்டிலா? என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சாமான்களே ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அண்டா, தவலை, குடம், வாளி, தூக்கு, சம்படம். கல்யாணத்தன்று அவற்றைப் பரப்பி வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மறுநாள் உள்ளே போனவை பிறகு வெயிலைப் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் கேட்டால், "அம்மா, ஒரு அண்டாவ உள்ள வச்சா நாங்க வெளிய நிக்கணும்" என்கிறாள். இவ்வளவு பாத்திரத்தை வைத்துக்கொண்டு கடைக்குப் போய்த் தொட்டி வாங்குகிறவள் புத்தியுள்ளவளா?

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் நானுமாக ஆறு பித்தளை அண்டாக்களை இரண்டாங்கட்டு முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தோம். களிம்பேறிக் கிடந்தன. புளி போட்டுத் தேய்த்தேன். செடி நடுவதற்காகப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தவள் சிவகங்கை மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலை வெயில் பட்டு அவை பளபளத்தபோது, அந்தத் தக்காளி அம்மாளை நினைத்துக்கொண்டேன். பெயிண்டு வாளியில் செடி வைத்திருக்கிறவள்.

செம்மண் வந்தது, எரு வந்தது, கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் வந்தன. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வலது கையால் கரண்டியைப் பிடித்து மண்ணை அள்ளினார். அண்டாவுக்குப் போவதற்குள் பாதி மண் தரையில் கொட்டியது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அதற்கு முந்தின நாள்தான் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். இரண்டாம் முறையும் கொட்டியது.

"விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

ஒரு வார்த்தைதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வகுப்பில் சோதனைக் குழாயைக் கோணலாகப் பிடித்த பிள்ளையிடமிருந்து அதை வாங்குவதுபோல, அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்து போய்த் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். கை மடிக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் மண்ணைத் தொடவில்லை. நானும் கூப்பிடவில்லை. யாருக்காக ஆரம்பித்தேன் என்பது ஒரே காலையில் எனக்கு மறந்துபோனது. இவ்வளவு சீக்கிரம் எதையும் நான் மறந்ததில்லை.

தோட்டம் என்னுடையதாகிவிட்டது. காலையில் செடிக்கொரு செம்பு, மாலையில் செடிக்கொரு செம்பு என்று ஊற்றினேன். காரைக்குடித் தண்ணீர் இனிப்பு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்களே, அந்தத் தண்ணீர். வாடிய மாதிரி தெரிந்தால் மத்தியானமும் ஒரு செம்பு. தாராளமாக ஊற்றினால் தாராளமாக வளரும் என்பது என் கணக்கு.

இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே தங்குகிற வெளிநாட்டுக்காரர்களை ஒரு வழிகாட்டி அவ்வப்போது எங்கள் வீட்டைக் காட்டக் கூட்டிவருவார். அந்த வாரம் வந்தவர்கள் தூணைப் பார்க்கவில்லை, வாசல் நிலையைப் பார்க்கவில்லை. நேராக என் அண்டாக்களிடம் போய்விட்டார்கள். குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னையும் ஒரு அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தாள். வழிகாட்டி, "இது செட்டிநாட்டுப் பாரம்பரியத் தோட்டம்" என்று அவர்களிடம் கூசாமல் சொன்னார். நட்டு ஒன்பது நாள் ஆன பாரம்பரியம். நான் திருத்தவில்லை. மாறாக, முந்தானையைச் சரி செய்துகொண்டேன். அந்தப் படத்தைக் குழுவிலும் போட்டேன். தக்காளி அம்மாளே கும்பிடு போட்டாள். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

படம் போட்ட மூன்றாம் நாள் கத்தரியின் அடி இலை மஞ்சளானது. பிறகு மேல் இலை. மிளகாய் தலையைத் தொங்கப்போட்டது. வேறு வழியில்லாமல் வீம்பை விட்டுக் குழுவில் கேட்டேன். தண்ணீர் போதவில்லை என்றார்கள். இரும்புச்சத்து இல்லை என்றார்கள். கண் பட்டிருக்கிறது, ஒரு பூசணிக்காய் கட்டுங்கள் என்றார் ஒருவர். நாலு பேர், அண்டா எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். புளித்த மோரைக் கரைத்து ஊற்றினால் மூன்றே நாளில் உயிர் வரும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஊற்றினேன்.

மூன்று நாளில் உயிர் வரவில்லை. அண்டாவின் உள்விளிம்பில் பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்தது. புளிப்பு பட்டால் பித்தளை என்ன ஆகும் என்று நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவுக்கே தெரியும், பித்தளைச் சட்டியில் மோர் வைக்கக் கூடாது என்று. தலையில் அடித்துக்கொண்டு மண்ணைக் கிளறினேன். கரண்டி சதக்கென்று இறங்கியது. உள்ளே சேறு. சாக்கடை நாற்றம். வேரைத் தொட்டால் நூல் நூலாகக் கையோடு வந்தது.

மறுநாள் ஆட்டோ பிடித்து, பிள்ளையார்பட்டிப் பாதையில் இருக்கும் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனோம். தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்று கணவரையும் கூட்டிப்போனேன். பண்ணைக்காரர் நாச்சியாபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். பேச்சில் சர்க்கரையே கிடையாது. நான் வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, மோர் எல்லாவற்றையும் ஒப்பித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நின்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஆச்சி. மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாத்தீகளா?"

"எதுக்கு?"

"ரெண்டு கணு ஆழம் விடுங்க. ஈரம் ஒட்டுச்சுன்னா அன்னைக்குத் தண்ணி வேணாம். காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. நீங்க வெயிலைப் பாத்து ஊத்துறீக, மண்ணைப் பாக்கல." ஒரு பையிலிருந்து மண்ணை அள்ளிக் காட்டினார். "வெறும் செம்மண்ணு இறுகிரும். பங்குக்குப் பங்கு மணலும் மட்குன எருவும் போடுங்க. பச்சைச் சாணி வேணாம், சூடு. மேல சருகு பரப்பிவிடுங்க. மத்தியானம் வாடுனா பதறாதீக, சாயங்காலம் அதுவா நிமிரும்."

இவ்வளவுதான். ஒரு மாதமாக அத்தனை பேர் அத்தனை கழுநீரை ஊற்றச் சொன்னார்களே, ஒருவராவது விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார்களா? நானாவது விட்டேனா?

பிறகு அவர் கேட்டார், "அடியில ஓட்டை இருக்குல்ல ஆச்சி? தண்ணி வெளிய போகுதா?"

"இருக்கு" என்றேன்.

"எத்தனை?"

"மூணு."

பொய். ஆறு அண்டாவில் ஒன்றில்கூட ஓர் ஊசித் துளை கிடையாது. ஆட்டோவில் உட்கார்ந்திருந்த என் கணவர் அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். எட்டு நாற்று வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

பண்ணைக்காரரிடம் மட்டமாகத் தெரியக் கூடாது என்பதற்காகப் பொய் சொன்னேன் என்றால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணத்தோடு வந்த பாத்திரம் ஓட்டையானால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். ஒழுகுகிற பாத்திரத்தை ஒரு நாள்கூட உள்ளே வைக்க மாட்டார்கள். அதை நானே, என் கையால், என் தாலியோடு வந்த அண்டாவில் போடுவதா? அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் விடியற்காலையில் அவர் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். ஓட்டை போட்ட மறுநாள் அந்த மூச்சு வராமல் போனால்? பயந்தேன். வேதியியல் படித்தவள், பூசணிக்காய் கட்டச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்தவள், ஓர் ஓட்டைக்குப் பயந்தேன். குழுவில் இருந்த யாரும் என் அளவுக்கு முட்டாள் இல்லை.

அதனால் அந்த எட்டு நாற்றையும் அதே அண்டாக்களில் நட்டேன். மணல் போட்டேன், எரு போட்டேன், சருகு பரப்பினேன், விரலை விட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். தாழ்வாரத்து நாற்காலியிலிருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் வந்த பிசியோதெரபிப் பெண் அவருடைய விரல்களை நீட்டப் பார்த்தாள். நடுவிரலும் மோதிர விரலும் போன மாதத்தைவிடக் குறைவாகத்தான் நீண்டன. "தோட்டம் போடலையா மேடம்?" என்று கேட்டாள். முற்றத்தில் ஆறு அண்டா நின்றது.

அந்த வாரக் கடைசியில் மழை பெய்தது. இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்தது. காலையில் பார்த்தால் ஆறு அண்டாவிலும் தண்ணீர் மண்ணுக்கு மேலே நின்றது. கத்தரி நாற்று அதில் மிதந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்கத்தான்.

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. டங். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் டங். பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

இரண்டாங்கட்டுத் தரை முழுவதும் சேறு. ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பூகூடத் தெரியவில்லை. ஒரு அண்டாவிலிருந்த மண்ணையெல்லாம் கொட்டாங்கச்சியால் அள்ளிக் கொட்டி, அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் எதிரே அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி, மீசை எல்லாம் மண். இடது கையில் ஒரு பெரிய சுவராணி. வலது கையில் சுத்தியல். பிடி நிற்காது என்பதால், சுத்தியல் காம்போடு கையைச் சேர்த்துத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தார். முடிச்சைப் பல்லால் இழுத்திருக்க வேண்டும், துண்டின் நுனி நனைந்திருந்தது.

"என்ன செய்றீக!" என்று கத்தினேன்.

"ஓட்டை போடுறேன்."

"அது எங்கம்மா குடுத்தது."

"தெரியும். அடியில எழுத்து வெட்டியிருக்கு. அதுல படாம தள்ளித்தான் அடிக்கிறேன்." தோளிலிருந்து கையைத் தூக்கினார். முழங்கை நடுங்கியது. சுத்தியல் ஆணியில் படாமல் பித்தளையில் பட்டு நெளித்தது. மறுபடி தூக்கினார். இந்த முறை ஆணியில் விழுந்தது. "பண்ணைக்காரர்ட்ட மூணு ஓட்டை இருக்குன்னு நீதான சொன்ன. ரெண்டு போட்டாச்சு."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசுகிறேன் என்று தெரியவில்லை. ஒளித்து வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "கல்யாணத்துப் பாத்திரத்துல ஓட்டை போட்டா ஆகாதுங்க. உங்களுக்குத்தான் ஆகாது. அதுக்குத்தான் நான் போடல. இது தெரியாம..."

அவர் சுத்தியலை இறக்கினார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

"எனக்கு ஆக வேண்டியது ஆகிப்போச்சு. இனிமே இந்த அண்டாவா வந்து என்னைய என்ன செய்யப் போகுது?" என்றார். "நீ செடியக் கொல்லாம இரு, போதும்."

கொட்டிய மண்ணைப் பார்த்தேன். அந்த முதல் நாள் இரண்டு கரண்டி மண் சிந்தியதற்காக இந்தக் கையிலிருந்து நான் பிடுங்கினேனே, அது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் மற்றவர்கள் தப்பைத் திருத்தியவளுக்குத் தன் தப்பைச் சொல்ல வாய் வராது போலிருக்கிறது.

மூன்றாவது ஓட்டையை அவர் போட்டு முடிக்கிற வரைக்கும் சேற்றில் அப்படியே நின்றேன். எத்தனை அடி என்று தெரியவில்லை. பாதிக்கு மேல் ஆணியில் படவில்லை. ஓட்டையைச் சுற்றி அண்டா அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆகிவிட்டது. அதைப் போய் இனி எந்த வெள்ளைக்காரி படம் எடுப்பாள்? கடைசி அடியில் ஆணி உள்ளே இறங்கியதும், அவர் கை தானாக மடிக்குப் போகவில்லை. தரையில் ஊன்றிக்கொண்டார்.

துண்டு தளர்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதை அவிழ்த்து, சுத்தியலோடு சேர்த்து மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டேன். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுத்த அண்டாவிலிருந்த சேற்றைக் கையாலேயே வழித்துக் கொட்டி, அதை இழுத்து வந்து அவருக்கு முன்னால் கவிழ்த்து வைத்தேன்.